காதுகுத்தும் பந்தோபஸ்தும்

எனக்குக் காது குத்துவது இரண்டு முறை தள்ளிப்போனதற்குக் காரணம் என் தாய்மாமா. அவர் போலீஸ். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். அம்மாவுக்கோ கூடப்பிறந்தவர் என்று அவர் ஒருவர்தான். லீவு தருகிறோம் என்பார்கள். முந்தின நாள் எங்காவது ஒரு கூட்டமோ ஊர்வலமோ முளைத்துவிடும். “உனக்கு மட்டுந்தான் அக்கா கீறாளான்னு கேக்கிறாருக்கா இன்ஸ்பெக்டரு” என்று போனில் சொல்வார். இரண்டாம் வகுப்பில் கம்மல் இல்லாத பெண் நான் ஒருத்திதான்.

மூன்றாம் முறை அப்பா வீட்டார் பொறுமை இழந்தார்கள். மாமா வராவிட்டால் அத்தையின் வீட்டுக்காரர் மடியில் வைத்துக் குத்திவிடுவதென்று முடிவாயிற்று. அன்றும் லீவு ரத்து. யாரோ ஒரு மந்திரி வருகிறாராம். ஆனால் மாமாவை நிறுத்தியிருந்த இடம் உத்திரமேரூர் சாலையில் எங்கள் ஊர்த் திருப்பம். அம்மாவுக்கு வேறென்ன வேண்டும்? ஆசாரி, மாலை, என் மொட்டைத்தலை எல்லாவற்றையும் ஷேர் ஆட்டோவில் அள்ளிப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டாள். மடி இருக்கிற இடத்துக்குக் காது போவதில் என்ன தப்பு?

மாமா வெயிலில், சாலைக்கு முதுகைக் காட்டி வயலைப் பார்த்து நின்றிருந்தார். மந்திரி போகிற சாலையில் போலீஸ் அப்படித்தான் நிற்க வேண்டுமாம். விடிவதற்கு முன்பே கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போயிருந்தார்கள். அப்பா தண்ணீர் நீட்டினார், வாங்கவில்லை. குடித்தால் ஒதுங்கப் போக முடியாதே என்றார்.

“ஒரு நிமிஷம் உக்காருடா. கொழந்தைக்குக் குத்திடலாம்” என்றாள் அம்மா.

“உக்காரக் கூடாதுக்கா. ஜீப்பு சுத்திக்கினே கீது. பார்த்தா மெமோதான். போன மெமோவுக்கே இன்னும் பதில் எழுதிக்கினு கீறேன்.”

இதை நாங்கள் யாரும் யோசிக்கவில்லை. நிற்கிற மனிதருக்கு ஏது மடி? நல்ல நேரம் முடிந்துகொண்டிருந்தது. கடைசியில் எதிரே வரப்போரம் பாய் விரித்து, அத்தையின் வீட்டுக்காரர் மடியில் என்னை உட்கார வைத்தார்கள். ஊசி இறங்கியதும் “மாமா” என்று வீறிட்டேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஓர் எட்டுகூட எடுத்து வைக்கவில்லை. அம்மா அவருக்கான சோற்றை மதகுக் கட்டையில் வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வந்து ஆட்டோவில் ஏறினாள். நாங்கள் போன பிறகு அந்தச் சாலையில் அவர் மட்டும்தான்.

விளக்கு வைத்த பிறகு போன் வந்தது. காது வலிக்கிறதா என்று கேட்டார். எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

“நீ ஏன் மாமா உக்காரல?”

“இன்னும் உக்காரல கண்ணு. மந்திரி வேற ரோட்டுல பூட்டாராம். எங்களப் போவச் சொல்ல மறந்துட்டாங்கபோல.”

என்னைச் சமாதானப்படுத்த விளையாடுகிறார் என்று நினைத்து விழுந்து விழுந்து சிரித்தேன். அவரும் சிரிக்கப் பார்த்தார். பிறகு, “வெச்சிடாத, இன்னும் கொஞ்சம் எதாவது பேசு” என்றார்.

டிவியில் பொம்மைப் படம் ஆரம்பித்திருந்தது. நான் வைத்துவிட்டேன்.