பாடையில் படுத்த என் வீட்டுக்காரர்

இரண்டு வருடங்களுக்கு முன், ஒரு தை மாதத்தில், ஜவ்வாது மலையில் சினிமா படப்பிடிப்பு நடந்தது. ஒடுகத்தூரிலிருந்து சாமான் ஏற்றிப்போக என் வீட்டுக்காரரின் வேனைப் பிடித்திருந்தார்கள். சின்ன வயதில் நாடக மேடை ஏறி, பிறகு சினிமாவில் அம்மாவாக, பாட்டியாக எத்தனையோ படங்களில் நடித்த அந்த அம்மா வருகிறார் என்றதும் நானும் முன் சீட்டில் ஏறிக்கொண்டேன்.

மலைக்குப் போய் இறங்கியதும் டீ குடித்துவிட்டு வந்து பார்க்கிறேன், மாலையோடு பாடையில் படுத்திருப்பது என் வீட்டுக்காரர்! பிணமாக நடிக்க வந்தவர் மலைப்பாதை வளைவுகளில் வாந்தி எடுத்துச் சுருண்டுவிட்டாராம். உடனே இவரைப் பிடித்துப் படுக்க வைத்துவிட்டார்கள். எனக்கு ரத்தம் கொதித்தது. உயிரோடு இருக்கிற மனுஷனுக்கு ஒப்பாரியா?

“யோவ், எழுந்திருய்யா! உனுக்கு இன்னா புத்தி கெட்டுப்போச்சா?”

“சும்மா இரு மே. அந்தம்மாவுக்குப் புள்ளையா நடிக்கிறேன்” என்றார், கண்ணைத் திறக்காமலே.

என்னை வெளியே இழுத்துப் போகச் சொன்னார் டைரக்டர். நான் பாடை மூங்கிலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

“அவளைத் தொடாதீங்க. அவ கேக்கறதுல இன்னா தப்பு?” அதட்டியபடி வந்தது அந்த அம்மாதான். நாடகக் காலத்திலிருந்தே தங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு என்று என்னிடம் சொன்னார். செத்தவராக நடித்தவர் சிரிக்காமல் வீட்டுக்குப் போகக்கூடாது. சினிமாவிலும் கடைசியில் பிணமாக நடித்தவர் சிரிப்பதைக் கேமராவில் எடுத்துவிட்டுத்தான் எழுப்புவார்களாம்.

“அவன் சிரிக்காம நான் இங்கருந்து நவுர மாட்டேன். போதுமாம்மா?”

அரை மனதோடு மூங்கிலை விட்டேன்.

“சோறு ஆறுதுடா, எழுந்து வாடா” என்று அந்த அம்மா தொண்டையைத் திறந்தார் பாருங்கள்! எழுபது வயதுக்கு மேல் அப்படி ஒரு குரலா! கூட்டத்தில் நிற்க வந்திருந்த மலைக்காரப் பெண்கள் நிஜமாகவே அழுதார்கள். லைட் பிடித்தவர் அழுதார். அத்தனை கோபத்திலும் நான் தேம்பினேன். ஒரே டேக். கைத்தட்டல் அடங்க நேரமானது.

“இப்போ சிரிங்கண்ணே” என்றார்கள். அவரால் முடியவில்லை. செத்துப்போன தன் அம்மா ஞாபகம் வந்து, கண்ணீர் காதுவரை வழிந்துகொண்டிருந்தது. உதடு கோணியதே தவிர சிரிப்பு வரவில்லை.

“வெளிச்சம் போகுது, விடுங்க. அடுத்த ஷாட்” என்றார் டைரக்டர். நான் மறுபடியும் மூங்கிலைப் பிடித்துக்கொண்டேன்.

அந்த அம்மா அசையவில்லை. தன் கன்னத்து ஈரத்தைக்கூடத் துடைக்காமல் குனிந்து, என் வீட்டுக்காரரின் விலாவில் கிச்சுகிச்சு மூட்டினார். “டேய் பொணமே, உன் பொண்டாட்டி என்னைப் பாடையில ஏத்தறதுக்குள்ள சிரிச்சுத் தொலைடா!”

குபீரென்று அவர் சிரித்த சிரிப்பில் பாடையே ஆடியது. நான் கூச்சமில்லாமல் விசிலடித்தேன்.

அந்த அம்மாவின் அழுகையை ஊரே புகழ்கிறது. ஆனால் இத்தனை வருட நடிப்பில் எத்தனை பேரை இப்படிச் சிரிக்க வைத்து வீட்டுக்கு அனுப்பியிருப்பார் என்று நினைத்தால், அதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.