ஷைனிக்கு ஒரு பரிந்துரைக் கடிதம்

பனச்சமூட்டில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் என்னோடு வேலை செய்யும் ஷைனி இன்று கேட்டாள்: "அண்ணா, ஜெனட்டிக்ஸ் படிக்க அப்ளை செய்யுதேன். சீனியர் நீங்கதானே, ஒரு லெட்டர் வேணும். இன்னைக்காக்கும் கடைசி நாள்."

"திடீர்னு என்ன?"

"எனக்க தம்பிக்கு ஜீன் கோளாறுல செவி கேக்காதுன்னு நாலு வயசிலயாக்கும் தெரிஞ்சது. பிறந்தப்பவே தெரிஞ்சிருந்தா அவனும் பள்ளிக்கூடத்துல பேசியிருப்பான். இனி ஒரு பிள்ளைக்கும் அப்படி ஆகப்பிடாது. நீங்களும் பத்து வருசமா அப்ளை செய்யப்போறேன்னு சொல்லுதியளே?"

எழுத உட்கார்ந்தேன். முதல் இரண்டு கடிதங்களையும் கிழிக்க வேண்டியதாயிற்று. இரண்டும் என்னையே பரிந்துரைத்தன.

மூன்றாவதில் அவள்தான் இருக்கிறாள். அனுப்பிவிட்டேன்.

ஷைனிக்கு இடம் கிடைக்க வேண்டும் என்று மனமார விரும்புகிறேன். அது அடுத்த வருடம் என்றால் இன்னும் மனமார விரும்புவேன்.

இதில் தவறு இருந்தால் சொல்லுங்கள்.