சைகோனில் நான் நுழையாத வீடு

வெள்ளி, காலை 9.40. கோலாலம்பூர் வழியாக வந்த விமானம் டான் சொன் ஞாட் விமான நிலையத்தில் இறங்கியது. ஊருக்கு ஹோ சி மின் நகரம் என்று பெயர் மாறி எத்தனையோ வருடமாகிவிட்டது; காரைக்காலில் எங்கள் தெருவுக்கு அது இன்னும் சைகோன்தான். வெளியே தங்கை ஷமீமா நின்றாள். மூன்று வருடத்தில் நன்றாக இளைத்திருந்தாள்.

"என்னா லாத்தா, இம்மாம் பெரிய பெட்டி? அஞ்சு நாளைக்கா, அஞ்சு வருசத்துக்கா?" என்றாள். எங்கள் பக்கத்தில் அக்காவை லாத்தா என்போம். பெட்டி முக்கால்வாசி காலி என்பதை நான் சொல்லவில்லை. அவளுடைய சாமான்களை அடுக்கி எடுத்துவரத்தான் அதைக் கொண்டுபோயிருந்தேன்.

ஷமீமா ஒரு சிறிய கணினி விளையாட்டு நிறுவனத்தில் கதையும் இடங்களும் அமைக்கிறாள். புதிதாக ஒரு விளையாட்டு செய்துகொண்டிருக்கிறார்கள். நாமே ஒரு பாத்திரமாகி, ஊர் ஊராகப் போய், பார்ப்பவர்களிடம் பேசி, கதையை நகர்த்த வேண்டிய வகை. அதில் வரும் முதல் கிராமம் முழுக்க இவள் கைவேலை. சனிக்கிழமை வெளியாட்களை உட்காரவைத்துச் சோதிக்கிறார்கள். கிராமம் தேறினால் இன்னும் இரண்டு வருடம் வேலை. இல்லையென்றால் இந்த மாதத்தோடு ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்ப வேண்டியதுதான். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அது தேறக் கூடாதென்று துஆ கேட்டுக்கொண்டேதான் நான் விமானம் ஏறினேன்.

சனி, காலை 8.15. அவள் வாடகைக்கு இருக்கும் சோலோனிலிருந்து பென் தான் சந்தைக்கு ஆறு கிலோமீட்டர். ஆளுக்கொரு வாடகை மோட்டார் சைக்கிள், தலைக்கு முப்பதாயிரம் டாங். ஆயிரக்கணக்கில் கொடுக்கிறோமே என்று நோட்டுகளை இரண்டு தடவை எண்ணினேன். நம் கணக்கில் நூறு ரூபாய்தான். என் வண்டிக்காரர் புறப்படுமுன் ஏதோ கேட்டார்.

"ஒன் வயசு என்னன்னு கேக்குறாரு," என்றாள் ஷமீமா.

"அது எதுக்கு இவருக்கு?"

"தெரிஞ்சாத்தான் எப்புடிக் கூப்புடுறதுன்னு தெரியும். சொல்லு."

நாற்பத்தாறு என்றேன். அவர் தலையை ஆட்டி "சி" என்றார். அக்கா என்று அர்த்தமாம். அதற்குப் பிறகு சிவப்பு விளக்குக்கெல்லாம் திரும்பி, அக்கா உயிரோடு இருக்கிறாளா என்று பார்த்துக்கொண்டார். நானும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன்.

பென் தானிலிருந்து தாவோ தியெனுக்கு மெட்ரோ. கால் மணி நேரம். ஆற்றைக் கடக்கும்போது படகுகள் தெரிந்தன. மாமரம் நின்ற ஒரு பழைய வீட்டின் மாடியில் அலுவலகம். சோதனைக்கு அழைத்திருந்த பன்னிரண்டு பேரில் ஒருவர் வரவில்லை. நிறுவனத்தின் தலைவர் கோவா, நாற்பது வயதிருக்கும், என்னைப் பார்த்ததும், "அக்கா உட்காரட்டும்," என்றுவிட்டார். ஷமீமாவின் முகத்தில் ஈயாடவில்லை.

"லாத்தா, நீ போன்ல பாம்பு வெளையாட்டுகூட ஆடுனதில்லையே," என்றாள் மெதுவாக. சோதனை நடக்கும்போது அவள் வாய் திறக்கக் கூடாது. அடுத்த அறையில் கண்ணாடிக்குப் பின்னால் நின்று பார்க்கலாம், அவ்வளவுதான்.

காலை 10 மணி. விளையாட்டின் பெயரை வெளியே சொல்லமாட்டேன் என்று எழுதி வாங்கிக்கொண்டார்கள். முதல் கிராமத்தைப் பற்றி எழுத மட்டும் பிறகு அனுமதி வாங்கினேன். நான் மருத்துவச்சியாக வேடம் எடுத்துக்கொண்டேன். படகு என்னை ஒரு ஆற்றுத்துறையில் இறக்கிவிட்டது. மழை. தகரக் கூரைக்கு ஒரு சத்தம், ஓலைக் கூரைக்கு வேறு சத்தம். மீன்காரி விலை சொல்லிவிட்டு வேறு பக்கம் பார்த்தாள், நிஜ மீன்காரி மாதிரியே. கோழிக்குஞ்சுகள் என் காலுக்கு வழிவிட்டு ஓடின. இதையெல்லாம் என் தங்கை உட்கார்ந்து உண்டாக்கினாள் என்று நினைத்தபோது எனக்குப் பெருமையாக இருந்தது, வேண்டாத நேரத்தில்.

அக்கரைக்குப் போகப் படகின் சாவி வேண்டும். அது படகுக்காரர் வீட்டில் இருக்கிறது என்றாள் மீன்காரி, திரையில் ஆங்கில எழுத்தில். போனேன். கதவு திறந்திருந்தது. உள்ளே ஒரு பானை தெரிந்தது. ஆள் இல்லை. கூப்பிடுவதற்கென்று ஒரு பொத்தான் இருந்தது; அழுத்தினேன். என்னையறியாமல் வாய்விட்டு சலாமும் சொன்னேன். பதில் இல்லை. இரண்டாவது முறை. மூன்றாவது முறை. மூன்று தடவை குரல் கொடுத்தும் பதில் வராவிட்டால் திரும்பிவிட வேண்டும், கதவு திறந்தே கிடந்தாலும். எங்களுக்குச் சிறுவயதிலேயே பழக்கிய முறை அது. திரும்பிவிட்டேன்.

சந்தையைச் சுற்றிவிட்டு மறுபடி போனேன். மூன்று சலாம். திரும்பினேன். மூன்றாம் தடவையும் அப்படியே. அதற்குள் சோதனைக்குக் கொடுத்த ஒரு மணி நேரம் தீர்ந்துவிட்டது. மற்ற பதினொரு பேரும் அரை மணிக்குள் வீட்டுக்குள் நுழைந்து, பானையை உடைத்து, சாவியை எடுத்துக்கொண்டு அக்கரை சேர்ந்திருந்தார்கள். நான் ஒருத்திதான் கிராமத்தைத் தாண்டவில்லை.

கோவா நாற்காலியை இழுத்துப்போட்டு என் எதிரில் உட்கார்ந்தார். அடுத்த அறையிலிருந்து வந்த ஷமீமா மொழிபெயர்த்தாள். "ஏன் உள்ள போவலன்னு கேக்குறாரு."

புரியவில்லை, பிடிக்கவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவள் என்னோடு விமானம் ஏறிவிடுவாள். அந்த வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. நகத்தைக் கடித்துக்கொண்டு நின்ற அவளைப் பார்த்தேன். என்னால் முடியவில்லை.

"ஆளில்லாத ஊட்டுக்குள்ள எப்புடிப் போறது? மூணு தடவ கூப்புட்டேன். இன்னும் ஒரு மணி நேரம் குடுத்தாலும் அந்தத் தெருவுலதான் சுத்துவேன். அவ்வளவு நல்லா இருக்கு. அந்தப் படகுக்காரரப் பாக்காம வந்ததுதான் கொறைன்னு சொல்லு."

கோவா சிரிக்கவில்லை. அவருடைய சொந்த ஊரான பென் திரேயில் அம்மா வீட்டிலும் வாசலில் நின்று கூப்பிடாமல் யாரும் உள்ளே வரமாட்டார்களாம். பிறகு ஷமீமாவிடம் ஏதோ கேட்டார். அவள் கணினியில் கிராமத்துக்கு முதலில் போட்டிருந்த வரைபடத்தைத் திறந்து காட்டினாள். அதில் படகுக்காரர் வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. கூப்பிட்டுக் காத்திருந்தால்தான் உள்ளேயிருந்து பதில் வரும். ஆடுகிறவர்களுக்கு அவ்வளவு பொறுமை கிடையாது என்று எல்லோரும் சொன்னதால் அவளே மாற்றிவிட்டாளாம். கோவா அதை நெடுநேரம் பார்த்தார். "பானையை உடைக்கும் விளையாட்டு எல்லோரிடமும் இருக்கிறது, இதைச் செய்," என்றார்.

திங்கள் மாலை 5 மணிக்கு அவளுக்கு இரண்டு வருடத்துக்கான ஒப்பந்தத் தாள் வந்தது. நான் மாமரத்தடியில் நின்று ஐஸ் போட்ட காப்பி குடித்தேன், இருபத்தைந்தாயிரம் டாங். சந்தோஷமும் எரிச்சலும் சேர்ந்தே வந்தன.

செவ்வாய், காலை 10. மதியம் விமானம். கிளம்புமுன் மாற்றிய கிராமத்தை எனக்கு ஆடக் கொடுத்தார்கள். மழையில் நடந்து அந்த வீட்டு வாசலுக்குப் போனேன். கதவு சாத்தியிருந்தது. கூப்பிட்டேன். இரண்டாம் முறை. மூன்றாம் முறை. பதில் இல்லை. பழக்கத்தில் மருத்துவச்சியைத் திருப்பி இரண்டடி நடத்தினேன். பின்னாலிருந்து குரல் வந்தது.

"யாரு, லாத்தாவா? மழையில நிக்காத, உள்ள வா."

வியட்நாமியக் குரல் பதிவாகும் வரைக்கும் ஷமீமா தற்காலிகமாகத் தன் குரலைப் போட்டிருக்கிறாளாம். சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். என் கண்ணும் சரியாகத் தெரியவில்லை. எந்தப் பொத்தானை அழுத்தினேனோ, கதவு திறந்தது.

காரைக்காலில் இப்போது பார்ப்பவர்களெல்லாம், "தங்கச்சியக் கூட்டிக்கிட்டு வரலையா?" என்கிறார்கள். அவளை அழைத்துவரத்தான் போனேன். அவள் முந்திக்கொண்டு என்னை உள்ளே அழைத்துவிட்டாள்.