அரக்குக் கோட்டுப் பிரபுக்கள்

பட்டுச்சேலைக் கடையில் வேலை பார்க்கிற அப்பாவிடம், எதையாவது தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லக் கூடாது. பன்னிரண்டு வயதில் எனக்கு இது தெரியவில்லை. தெரிந்திருந்தால் நானே மாமாவுக்கு ரகசியமாக ஒரு மெசேஜ் அனுப்பி விஷயத்தை முடித்திருப்பேன்.

விஷயம் ஒரு விளையாட்டு. என் வகுப்புத் தோழிக்கு அவளுடைய அண்ணன் துபாயிலிருந்து வாங்கி வந்தது. கட்டைவிரல் உயரப் பொம்மைகள், பகடை, தூரம் அளக்க ஒரு டேப். மேஜைமேல் டப்பாக்களையும் புத்தகங்களையும் அடுக்கி ஊராக்கிக்கொண்டு, ஆளுக்கொரு படையை நிறுத்திச் சண்டை போட வேண்டும். அந்த உலகத்தில் மின்சாரம் என்ற ஒன்றே இல்லை. எல்லாம் நீராவியில் ஓடுகிறது. கப்பல் ஆகாயத்தில் போகும். கை போனவனுக்குப் பித்தளையில் பல்சக்கரக் கை. ஆணும் பெண்ணும் உயரத் தொப்பி வைத்து, நெற்றியில் கொல்லுப்பட்டறைக் கண்ணாடி மாட்டியிருப்பார்கள். எனக்குப் பைத்தியமே பிடித்துவிட்டது.

தோழியிடம் ஒரு படை இருந்தது, என்னிடம் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் வீட்டுச் சதுரங்கக் காய்களை என் படையாக வைத்துக்கொண்டேன். என் யானைகளும் குதிரைகளும் அவளுடைய இரும்புத் துப்பாக்கிக்காரர்களிடம் வாராவாரம் செத்தன.

“உனக்குன்னு ஒரு படை வந்தாத்தான்டி இது ஆட்டம். இப்ப நான் சும்மா சுட்டுக்கினு இருக்கேன்” என்பாள்.

அந்தச் சமயத்தில்தான் அக்காவுக்குக் கல்யாணம் கூடிவந்தது. வாலாஜாபாத்தில் ரைஸ் மில் வைத்திருக்கிற குடும்பம். மாப்பிள்ளை போட்டோ ஒன்றே ஒன்று வந்தது. அந்த வாரமே பூ வைத்துவிட்டார்கள். கல்யாணத்துக்குச் சிங்கப்பூரிலிருந்து வரும் மாமா, அம்மாவின் தம்பி, எனக்கு ஒரு படை வாங்கிவருவதாகச் சொன்னார். ஒரே ஒரு பெட்டி. மாமா இரண்டு வருடத்துக்கு ஒருமுறைதான் ஊருக்கு வருவார். தப்பாக எடுத்துவிட்டால் இரண்டு வருடம் உட்கார்ந்து தோற்க வேண்டியதுதான்.

அங்கே கடையில் நான்கு படைகள் இருந்தன. நான் வீடியோக்கள் பார்த்து, நோட்டில் கட்டம் போட்டு, எது எவ்வளவு ஓடும், எது எவ்வளவு அடி தாங்கும் என்று எழுதி வைத்திருந்தேன். தோழியின் ஆட்கள் தூரத்திலிருந்து சுடுகிறவர்கள். மெதுவாக நடக்கிற படை பாதி மேஜையைத் தாண்டுவதற்குள் காலியாகிவிடும். ஆகவே எனக்கு வேண்டியது கரிக்கும்பல்: புகைபோக்கி சுத்தம் செய்கிறவர்கள், கருப்புக் கோட்டு, பெருச்சாளி மாதிரி ஓடுவார்கள். இதில் விவாதிக்க ஒன்றுமே இல்லை.

மாமா நாலு பெட்டிகளின் படங்களையும் அப்பாவின் போனுக்கு அனுப்பினார். அங்கே கெட்டது.

அன்று காலையில்தான் அக்காவுக்குக் கல்யாணச் சேலை எடுத்துவிட்டு வந்திருந்தார்கள். சின்ன காஞ்சிபுரத்திலிருந்து அத்தையும் வந்திருந்தார். எல்லோரும் இன்னும் அதே சூட்டில் இருந்தார்கள். அப்பா போனை ஒருமுறை பார்த்தார்.

“டியூப்லைட்ல கலரு பொய் சொல்லும்” என்று எழுந்து வாசலுக்குப் போனார். குடும்பமே பின்னால் போனது.

அத்தை கரிக்கும்பலை ஒரு நொடி பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். “மொதமொதல்ல வாங்கறா கொயந்த. அதுவும் கல்யாண வூட்ல. கருப்பா?”

“அத்த, கலரே கணக்கு இல்ல. வெறுமனதான் வரும். நாமதான் பெயின்ட் அடிக்கணும்.”

“சாயம் போடாத சரக்க எவன்மா விப்பான்?” என்றார் அப்பா. அவர் குரலில் கோபமே இல்லை. வெளியூர் வாடிக்கையாளரிடம் பேசுகிற அதே இனிமை. அதுதான் எனக்கு எரிந்தது.

பிறகு அவர் பித்தளைப் பிரபுக்கள் என்ற படையை இரண்டு விரலால் பெரிதாக்கினார். கைத்தடி ஊன்றிய ஐந்து தொந்திக்காரர்கள். “இத பாரு. உடல் அரக்கு, பார்டர் கடுகு மஞ்சள். எடுப்பா இருக்குதா இல்லியா?”

“அவங்க நடக்கவே மாட்டாங்கப்பா. ஒரு தடவைக்கு நாலு இன்ச்சுதான்.”

“பெரிய மனுசங்க நெதானமாத்தான் நடப்பாங்க.”

அம்மா எட்டிப் பார்த்து, “அந்தப் பச்சத் தொப்பிய இந்த ஆளுக்கு மாத்திக் கேட்டா குடுப்பாங்களா?” என்றார். முந்தி வேண்டாம், வேறு முந்தி வைத்துத் தாருங்கள் என்று கேட்கிற மாதிரி.

“உனக்கு எது புடிச்சிருக்குதுமா?” என்று அப்பா மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் கரிக்கும்பல் என்றேன். மூன்று முறையும் புன்னகையோடு தலையாட்டிவிட்டு அடுத்த படத்தைக் காட்டினார். நோட்டைக் கொண்டுவந்து விரித்தேன். கையெழுத்து நன்றாக இருக்கிறது என்றார் அத்தை.

கடைசியில் அக்காவைப் பிடித்தேன். இத்தனை நேரமும் கதவில் சாய்ந்துகொண்டு பேசாமல் நின்றிருந்தாள். “நீயாவது சொல்லுக்கா.”

“எல்லாரும் சொல்றதையே எடுத்துடலாம்” என்றாள். காலையில் சேலைக்கும் இதையேதான் சொன்னாளாம். துரோகி என்று முடிவு செய்தேன்.

பிரபுக்கள் வந்து சேர்ந்தார்கள். கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால், கூடத்தில் எல்லோரும் சுற்றி உட்கார்ந்திருக்க மாமா பெட்டியைத் திறந்தார். உள்ளே இரண்டு சாம்பல் நிற பிளாஸ்டிக் சட்டங்கள். அதில் கை தனி, கால் தனி, தொந்தி தனி, எல்லாம் ஒட்டிக்கொண்டிருந்தன. அரக்கு எங்கேயும் இல்லை. கடுகும் இல்லை.

அப்பா ஒரு சட்டத்தை வாங்கி, ஒரு தொந்தியைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார், சாயம் அடியில் எங்கேயாவது ஒளிந்திருக்குமோ என்பதுபோல. பிறகு வாசல் வெளிச்சத்துக்கும் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

“கடைக்காரன் டேமேஜ் பீஸைத் தள்ளிவிட்டுக்கிறான் மச்சான்” என்றார்.

“இல்ல மாமா, இது இப்டித்தான் வருமாம்” என்றார் சிங்கப்பூர் மாமா.

“நான் சொன்னேனே” என்றேன். “அன்னிக்கே சொன்னேனே” என்று மறுபடியும் சொன்னேன். அதற்குள் சமையல்காரர் வந்துவிட்டார் என்று எல்லோரும் எழுந்துபோனார்கள். ஒரு மனுஷர்கூட ஆமாம் என்று சொல்லவில்லை.

மறுநாள் மத்தியானம் அக்காவின் இரண்டு கையிலும் முழங்கை வரை மருதாணி வைத்துவிட்டு, அதற்கென்று வந்திருந்த பெண் போய்விட்டாள். வீடு முழுக்க மருதாணியில் கலந்த நீலகிரித் தைலத்தின் வாசனை. அக்கா கைகளை முன்னால் நீட்டிக்கொண்டு, எதையும் தொடாமல் உள்ளறையில் உட்கார்ந்திருந்தாள். நான் அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்து நெயில் கட்டரால் பிரபுக்களை வெட்டியெடுத்துக்கொண்டிருந்தேன்.

“இன்னும் கோவமா?” என்றாள்.

“எனக்கு வாங்கறத என்னக் கேக்காம எடுத்தா?”

“கேட்டாங்கல்ல. நாலு காட்டுனாங்கல்ல உனக்கு.”

இதற்கு என்னிடம் பதில் தயாராக இருந்தது. “நாலு காட்டி என்ன புண்ணியம்? ஒண்ணே ஒண்ணக் காட்டி இதான்டி உனக்குன்னு சொல்லியிருந்தா, நானும் சரின்னு போயிருப்பேன். நோட்டாவது மிச்சமாயிருக்கும்.”

அக்கா சிரித்தாள். சிரிக்கிற விஷயமே இல்லை. தோள் குலுங்க, கையை மட்டும் ஆடாமல் பிடித்துக்கொண்டு, நான் முறைக்க முறைக்கச் சிரித்தாள். இந்த வீட்டில் ஒரு ஆள்கூட என்னைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

“கண்ணத் தொடைச்சு வுடுடி, கையில ஈரம்” என்றாள்.

வெட்டிக்கொண்டிருந்த வேலையைப் போட்டுவிட்டு எழுந்து, என் பாவாடை ஓரத்தால் துடைத்துவிட்டேன். கண்ணில் தண்ணீர் நிற்கவில்லை. அந்தப் பெண் தைலத்தை அதிகமாக ஊற்றிவிட்டாள் போலிருக்கிறது என்று இன்னும் இரண்டு முறை துடைத்தேன். பிறகு, எனக்கும் வேலை இருக்கிறது, கொஞ்சம் கண்ணை மூடிக்கொண்டு உட்கார் என்று அவளிடம் எரிந்து விழுந்துவிட்டு, பாயில் எங்கோ உருண்டுபோன ஒரு பிரபுவின் இடது காலைத் தேடத் தொடங்கினேன்.