விரிப்பின் மறுமுனை

திருகோணமலைத் துறைமுகத்தடியில் வண்ணாத்தி நான் கப்பல்காரரின் துணி வெளுத்த காலம். அன்று மாலை கப்பல் புறப்பட இருந்தது. படுக்கை விரிப்புகள் காயவில்லை. அவற்றை எடுத்துப்போக வந்த பிரெஞ்சு மாலுமியிடம், "தம்பி, மறுமுனையைப் பிடியுங்கோ, பிழிவம்" என்றேன். அவன் பின்வாங்கினான்.

"ஏன், நான் தொட்டதைத் தொட ஏலாதோ?" என்று சீறினேன்.

துறைமுக இங்கிலீஷில் திக்கித் திக்கிச் சொன்னான். பிரான்சின் மேற்கே, ஓநாய் திரிந்த அவனுடைய பிரெத்தோன் மலையில், பாறைக்கும் சதுப்புக்கும் நடுவே, செத்த பெண்கள் இரவில் பேயாக வந்து பிணத்துணி துவைப்பார்களாம். வழியில் போகிறவர்களைப் பிழியக் கூப்பிடுவார்களாம். அவர்களுக்கு எதிராக முறுக்கினால் கை முறியுமாம்.

என்னைத் தொடக் கூசியவர்களைக் கண்டிருக்கிறேன். பயந்தவன் இவன்தான் முதல்.

"நான் உயிரோடதான் நிக்கிறன். எதிர்ப்பக்கமே முறுக்குங்கோ!"

கண்ணை மூடிக்கொண்டு முறுக்கினான். தண்ணீர் கொட்டியது. கை முறியவில்லை.

இன்றும் யாராவது என்னைவிட்டு விலகி நின்றால், நான் ஒதுங்குவதில்லை. ஈர முனையை அவர்களிடம் நீட்டுகிறேன்.