லான்சோவுக்காக எழுந்து நிற்பவள்

லுவீனியாவுக்கு மோசெலைக் கண்டாலே வயிறு எரியும். டன்மோர் ஊரில் இது அவளைத் தவிர யாருக்கும் தெரியாது, தெரியாமல் பார்த்துக்கொள்வதே அவளுக்குப் பெரும்பாடாக இருந்தது. தேவாலயச் சபையில் மோசெலுக்கு இரண்டு வரிசை தள்ளித்தான் உட்காருவாள். மோசெல் புதுத் தொப்பி போட்டு வந்தால் இவள் ஜன்னலைப் பார்ப்பாள். மோசெலின் தேங்காய் கேக் எப்படி என்று யாராவது கேட்டால், "சீனி கொஞ்சம் தூக்கல்" என்பாள். அந்தக் கேக்கில் சீனி எப்போதும் சரியாகத்தான் இருக்கும்.

லுவீனியா சிம்ஸுக்கு அப்போது வயது அறுபத்தொன்று. பள்ளிக்கூடச் சமையலறையில் இருபத்தொன்பது வருஷம். முதலில் கறுப்புப் பிள்ளைகளின் பள்ளிக்குச் சமைத்தாள். அலபாமாவில் கோர்ட்டு உத்தரவு வந்து கறுப்பு, வெள்ளை என்று பிரிந்திருந்த இரண்டு பள்ளிகளையும் ஒன்றாக்கிய பிறகு எல்லாப் பிள்ளைகளுக்கும் சமைத்தாள். புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டார், மகன்கள் இருவரும் டெட்ராய்ட்டில். அவளைப் பற்றி ஊருக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

மோசெலை உலகத்துக்கே தெரியும். அவள் முப்பது வருஷம் மருந்துக்கடைக்காரர் வீட்டில் சமைத்தவள். அந்த வீட்டுப் பெண் மிஸ் கொரின் வடக்கே போய் ஒரு நாவல் எழுதினாள். செய்யாத குற்றத்துக்காக ஒரு கறுப்பு வாலிபனைப் பிடித்து மின்சார நாற்காலியில் உட்கார வைத்துக் கொல்கிறார்கள், ஒரு வெள்ளை வக்கீல் அவனுக்காக உயிரைக் கொடுத்து வாதாடுகிறார், அதுதான் கதை. படித்தவர்கள் எல்லாரும் அழுதார்கள். பள்ளிக்கூடத்தில் பாடமாகவும் வைத்துவிட்டார்கள். கதையில் அந்த வாலிபனுக்கு ஓர் அக்கா உண்டு. அவள் மருந்துக்கடைக்காரர் வீட்டுச் சமையல்காரி. வாராவாரம் ரொட்டியைத் துணியில் சுற்றிக்கொண்டு ஜெயிலுக்குப் போவாள்.

பிறகு கேட்க வேண்டுமா? பதினாலு வருஷமாக மோசெல் வீட்டு வாசலில் வெளியூர்க் கார்கள் நிற்கின்றன. வருகிறவர்கள் கையில் புத்தகத்தோடு வந்து, "உங்க தம்பிய நெனச்சு நாங்க எவ்வளவு அழுதோம் தெரியுமா?" என்பார்கள். மோசெல் தலையை மெல்ல ஆட்டி, "அவன் நல்ல பிள்ள" என்பாள். பிறகு எல்லாருக்கும் கேக் வெட்டிக் கொடுப்பாள்.

அவளுக்குத் தம்பியே கிடையாது. நிஜமாகவே அந்த நாற்காலியில் செத்துப்போன லான்சோ கெய்தர், லுவீனியாவின் அண்ணன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து நாலில், பருத்திக் கிடங்குக்காரர் மனைவி லான்சோவைப் பார்த்து "என்மேல கை வச்சவன் இவன்தான்" என்று விரலை நீட்டினாள். அவள் சொன்ன நேரத்தில் அவன் எட்டு மைலுக்கு அப்பால் மர அறுவை ஆலையில் நின்றுகொண்டிருந்தான். பார்த்தவர்கள் பத்துப் பேர். பத்துப் பேரும் கறுப்பர்கள், அதனால் யாரும் பார்க்கவில்லை என்று ஆகிவிட்டது. விசாரணை மதியம் தொடங்கி இரண்டு மணிக்குள் முடிந்தது. தீர்ப்புச் சொல்லும் ஜூரியில் பன்னிரண்டு பேரும் வெள்ளைக்காரர்கள், ஏனென்றால் அந்த மாவட்டத்தில் ஒரு கறுப்பனின் பெயர் ஜூரிப் பட்டியலில் ஏறினதே இல்லை. புத்தகத்தில் அந்த வழக்கு மூன்று நாள் நடக்கிறது, வக்கீல் பதினோரு பக்கம் பேசுகிறார். நிஜ வக்கீலை அன்று காலையில்தான் நியமித்தார்கள். அவர் பேசியது, "எனக்குக் கேள்வி எதுவும் இல்லை, கனம் நீதிபதி அவர்களே" என்று நாலு தடவை.

லான்சோவைப் பிடித்த அன்றே அப்பா லுவீனியாவை ஒரு லாரியில் ஏற்றி மொபீலில் இருந்த சித்தி வீட்டுக்கு அனுப்பிவிட்டார். வீட்டைக் கொளுத்துவார்கள் என்று பேச்சிருந்தது. அடுத்த ஞாயிறு, சபையையும் கொளுத்திவிடுவார்களோ என்ற பயத்தில், மூப்பர்கள் கூடி லான்சோவின் பெயரைச் சபைப் புத்தகத்தில் கோடு போட்டு அடித்தார்கள். அடித்தவர்களில் அப்பாவும் ஒருவர்.

பன்னிரண்டு வருஷம் கழித்து, அப்பா படுக்கையில் விழுந்த பிறகு, லுவீனியா புருஷன் பெயரோடு ஊர் திரும்பினாள். பள்ளிக்கூட வேலைக்குப் போனபோது வெள்ளைக்கார அதிகாரி பேனாவைத் திறந்துகொண்டு கேட்டார்: "கூடப்பிறந்தவங்க யாராவது?"

"யாருமில்ல சார்" என்றாள்.

அவர் அப்படியே எழுதிக்கொண்டார். அதற்குப் பிறகு அவள் அதை மாற்றிச் சொல்லவே இல்லை. பெற்ற பிள்ளைகளுக்குக்கூடச் சொல்லவில்லை. தெரிந்த பெரியவர்கள் வாயைத் திறக்காமலே ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். மிஞ்சியது மோசெல்தான். அவளும் கேக் வெட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

அந்த வருஷம் புதுப் பாஸ்டர் ஹாலிஸ் பழைய சபைப் புத்தகத்தைப் புரட்டினார். நல்ல மனுஷர், மாண்ட்கமரி பட்டணத்திலிருந்து வந்தவர், எதையும் படிக்காமல் விடமாட்டார். அடித்த பெயரைக் கண்டுபிடித்துப் பதறிப்போனார். மிஸ் கொரினின் நாவலையும் படித்திருந்தாரே, அங்கேதான் வந்தது வினை. ஆகஸ்ட் கடைசி ஞாயிறு மேடையில் நின்று அறிவித்தார்.

"நம்ம சபை நாப்பத்தோரு வருஷத்துக்கு முன்னாடி ஒரு தப்புப் பண்ணிருக்கு. வர்ற ஊர்கூடும் ஞாயிறு அன்னிக்கு மறைந்தோர் பட்டியல்ல லான்சோ கெய்தர் பேரையும் வாசிக்கப்போறோம். அவரோட அக்கா, நம்ம சிஸ்டர் மோசெல், எந்திரிச்சு நிப்பாங்க."

சபை முழுக்க "ஆமென்" என்றது. லுவீனியா ஜன்னலைப் பார்த்தாள்.

எங்கள் சபையில் பட்டியல் வாசிப்பது சின்ன விஷயம் இல்லை. டெட்ராய்ட்டிலும் சிகாகோவிலும் பிழைக்கப் போனவர்கள் எல்லாம் அன்றைக்கு வந்துவிடுவார்கள். ஒரு பெயர் வாசித்தால் ரத்த உறவில் ஒரே ஒருவர், மிக நெருங்கியவர், எழுந்து நிற்க வேண்டும். இரண்டு பேர் நிற்கக் கூடாது. யாரும் நிற்காவிட்டால் பாஸ்டர் இன்னொரு தடவை வாசிப்பார். அப்போதும் ஒருவரும் நிற்கவில்லை என்றால், அந்த ஆள் மனுஷர் யாரும் இல்லாதவர் என்று எண்ணிக்கொண்டு அடுத்த பெயருக்குப் போய்விடுவார்.

அந்த வாரம்தான் லுவீனியா முதல் தடவையாக அந்தப் புத்தகத்தை எடுத்தாள். பள்ளி நூலகத்தில் முப்பது பிரதி இருந்தது. சமையலறைப் பின்கட்டில் உருளைக்கிழங்கு மூட்டைமேல் உட்கார்ந்து, பிள்ளைகள் சாப்பிட்டுப் போன பிறகு தினம் ஒரு மணி நேரம் படித்தாள். அக்கா என்று வந்தவளைப் பார்த்துப் பல்லைக் கடித்தாள். பருமனாம், சிரித்த முகமாம், பாட்டுப் பாடுவாளாம். "நல்லா இருக்கே கத!" என்று சத்தமாகவே சொன்னாள். வெள்ளிக்கிழமை ஒரு பக்கத்தில் அப்படியே நின்றுவிட்டாள். ஜெயிலில் அந்த வாலிபன் சோள ரொட்டியின் மொறுமொறு ஓரத்தை மட்டும் உடைத்துத் தின்றுவிட்டு நடுப்பகுதியைத் திருப்பிக் கொடுக்கிறான்.

லான்சோ அப்படித்தான் தின்பான். அந்த ஓரத்துக்காக அவளும் அவனும் சட்டியைச் சுற்றிச் சுற்றிச் சண்டை போட்டிருக்கிறார்கள். அது அந்த வீட்டுக்குள் இருந்தவர்களுக்கு மட்டுமே தெரியும். மோசெல் இதையும் எடுத்துக்கொண்டாளா!

சனிக்கிழமை சபைச் சமையலறையில் மோசெல் கீரை அலசிக்கொண்டிருந்தாள். மற்ற பெண்கள் வெளியே மரத்தடியில் மேஜை போடப் போயிருந்தார்கள். லுவீனியா உள்ளே வந்து கதவைச் சாத்தினாள்.

"ரொட்டி ஓரக் கதைய அந்த வெள்ளைக்காரப் பொண்ணுக்கு நீதான சொன்ன?"

"என்ன ஓரம்?"

"எங்கண்ணன் திங்குற ஓரம்!"

சொல்லிவிட்டு அவளே திகைத்தாள். "எங்கண்ணன்" என்ற சொல் அவள் வாயிலிருந்து வந்து நாற்பத்தோரு வருஷம் ஆகியிருந்தது.

மோசெல் கீரையைக் கீழே வைத்தாள். "கத்தாத. வெளிய ஆள் இருக்கு."

"கேக்கட்டுமே! நாளைக்கு எந்திரிச்சு நிப்பியா நீ? கூசாதா ஒனக்கு? கூடப்பொறந்ததுன்னு ஒரு பூனக்குட்டி உண்டா? கார்ல வர்றவங்ககிட்ட தம்பி தம்பின்னு மூக்க உறிஞ்சுறியே!"

"என் வாயால நான் தம்பின்னு சொன்னதே இல்லடி. அவங்க சொல்லுவாங்க, நான் தலையாட்டுவேன்."

"ரெண்டும் ஒண்ணுதான்."

"சரி, ஒண்ணுதான். தப்புத்தான்" என்றாள் மோசெல். "வயசான காலத்துல நாலு பேரு தேடி வந்தாங்க, எனக்குப் பிடிச்சிருந்துச்சு. நீ ஏன் சும்மா இருந்த? பதினாலு வருஷமா கார் வருது. ஒரு நாளாவது வந்து, 'அவ இல்ல, நாந்தான்'ன்னு சொன்னியா? நான் என்ன மாட்டேன்னா சொல்லிருப்பேன்?"

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளும்படி கேட்டுவிட்டாள். லுவீனியா குரலை இன்னும் உயர்த்தினாள்.

"ஓரத்தப் பத்தி யாரு சொன்னது ஒனக்கு? எங்கம்மாவா?"

"அவன்தான் சொன்னான்."

"எவன்?"

"லான்சோ. ஜெயில்ல." மோசெல் கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். "ஓங்கம்மாவ ஜெயில் படியே ஏற விடல. ஜெயிலரு எங்க மருந்துக்கட ஐயாவோட சீட்டாடுறவன், அதனால என்னைய விட்டான். வியாழக்கிழம எனக்கு அரை நாள் லீவு. ஓங்கம்மா சுட்டுக் குடுப்பா, நான் கொண்டுபோவேன். கோர்ட்டுக் கூடுறவரைக்கும் பதினாலு வியாழன். மொத நாளே சொன்னான், 'நடுவுல உள்ளத நீ எடுத்துக்க அக்கா, ஓரத்த எனக்குக் குடு, என் தங்கச்சி இங்க இருந்தா சண்டைக்கு வருவா'ன்னு."

லுவீனியா கதவில் சாய்ந்துகொண்டாள்.

"வாராவாரம் கேப்பான். 'வீனி வரலையா?'ம்பான். நீ எங்க இருக்கன்னு ஜெயிலர் காதுல விழக்கூடாதுன்னு ஓங்கப்பா என்கிட்ட சத்தியம் வாங்கிட்டாரு. காய்ச்சல்ன்னு சொன்னேன். அடுத்த வாரமும் காய்ச்சல்ன்னேன். பதினாலு வாரம் எவளுக்குடி காய்ச்சல் அடிக்கும்? அவனுக்கும் தெரியும். ஆனாலும் கேப்பான்."

இத்தனை வருஷம் லுவீனியா பொறாமைப்பட்டது ஒரு கட்டுக்கதைமேல். கார், போட்டோ, புத்தகத்தில் இடம், எல்லாம் பச்சைப்பொய் என்று சொல்லித் தன்னைத்தானே தேற்றிக்கொள்ள முடிந்தது. இப்போது அந்தத் தேறுதலும் போய்விட்டது. பதினாலு வியாழக்கிழமைகள் நிஜமாகவே மோசெலுக்குக் கிடைத்திருக்கின்றன. கூடப்பிறந்தவளுக்கு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. மோசெலின் முகத்தில் ஒரு அறை விடலாம் போலிருந்தது. அவள் காலைக் கட்டிக்கொண்டு அழலாம் போலவும் இருந்தது. லுவீனியா இரண்டையும் செய்யவில்லை.

"நாளைக்கு நான் எந்திரிக்கமாட்டேன்" என்றாள் மோசெல். "நீயும் எந்திரிக்கலன்னா, அவனுக்கு யாருமில்லன்னு எழுதிட்டுப் போயிருவாங்க. ஒன் இஷ்டம்."

ஞாயிற்றுக்கிழமை சபை நிரம்பி வழிந்தது. கடைசி இரண்டு வரிசையில் புத்தகத்தோடு வந்த வெள்ளைக்கார விருந்தாளிகள். பாஸ்டர் அழைத்திருந்ததால் பள்ளிக்கூட அதிகாரியும் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். அன்று பேனாவைத் திறந்தவர் இல்லை, அவருக்குப் பின்னால் வந்த மூன்றாம் ஆள். இனிமேல் அவளை யாரும் ஒன்றும் செய்துவிடப்போவதில்லை என்று லுவீனியாவுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும், அவள் கண் அந்த அதிகாரியின் சட்டைப்பையில் இருந்த பேனாவுக்கே போனது.

பாஸ்டர் பெயர்களை வாசித்தார். ஒவ்வொரு பெயருக்கும் ஒருவர் எழுந்து, பாஸ்டர் தலையசைத்ததும் உட்கார்ந்தார்.

"லான்சோ கெய்தர்."

எல்லாத் தலையும் மோசெல் பக்கம் திரும்பியது. பின்வரிசையில் கேமராக்கள் உயர்ந்தன. மோசெல் கையில் இருந்த அட்டை விசிறியால் விசிறிக்கொண்டே மடியைப் பார்த்தாள். எழுந்திருக்கவில்லை. பாஸ்டர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். கிழவிக்குக் காது கேட்கவில்லை என்று நினைத்திருப்பார். குரலை உயர்த்தினார்.

"லான்சோ கெய்தர்."

லுவீனியா முன்பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"சிஸ்டர் லுவீனியா," என்றார் பாஸ்டர், மெதுவாக, அவள் மனம் நோகாமல், "உங்க வீட்டுக்காரர் பேரு இன்னும் வரல. நான் வாசிச்சது கெய்தர்."

"தெரியும் பாஸ்டர். நானும் கெய்தர்தான். லான்சோ எங்கண்ணன்."

குரல் அவள் நினைத்ததைவிடப் பெரிதாக வந்துவிட்டது. "நான் ஒரு நாள்கூட ஜெயிலுக்குப் போய் அவனப் பாக்கல" என்றும் சொன்னாள். அதைச் சொல் என்று யாரும் கேட்கவில்லை, ஆனால் அதைச் சொல்லாமல் அவளால் நிற்க முடியவில்லை.

பின்வரிசையில் ஒரு விருந்தாளி அம்மாள் புத்தகத்தைப் புரட்டியபடி பக்கத்திலிருந்தவரிடம், "இதுல இப்படி ஒருத்தி வரவே இல்லையே?" என்று கேட்டது எல்லார் காதிலும் விழுந்தது. கேமராக்கள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின.

பாஸ்டர் தலையசைக்க மறந்து நின்றார். அதனால் லுவீனியா நின்றுகொண்டே இருந்தாள். அவள் நினைவில் இருந்த லான்சோ மரத்தூள் ஒட்டிய தலையோடு வாசலில் நின்று சிரிக்கிறவன். அதற்குப் பிறகு அவன் முகம் எப்படி ஆனது என்று அவளுக்குத் தெரியாது. கண்ணீர் வரும் வரும் என்று பார்த்தாள், வரவில்லை.

இரண்டு வரிசை தள்ளி மோசெல் விசிறியால் முகத்தை மூடிக்கொண்டு, தோள் குலுங்க, சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தாள். அது கார்க்காரர்களுக்காக அழுகிற அழுகை இல்லை. ஜெயில் கம்பிக்குப் பின்னால் அவன் முகத்தைப் பதினாலு தடவை பார்த்தவளின் அழுகை. எழுந்து நின்றது என்னவோ லுவீனியாதான். அந்த அழுகையைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு முன்பு எப்போதும் எரியாத அளவுக்கு வயிறு எரிந்தது.