பின்னிணைப்பில் முப்பத்தொன்றாவது பெயர்

பூட்டுப் படம் என்றாலே எனக்கு ஆகாது. நான் பார்க்கும் வேலை அப்படி. பல்கலைக்கழக நூலகத்தில், ஆய்வேடுகளை ஸ்கேன் செய்து யார் வேண்டுமானாலும் இலவசமாகப் படிக்கும்படி இணையத்தில் ஏற்றிவைக்கும் பிரிவில் இருக்கிறேன். பலகையில் ‘எண்ணிமக் களஞ்சியம்’ என்று எழுதியிருக்கும். அப்படி அதை யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. ஒவ்வோர் ஆய்வேட்டுக்கும் ஒரு பக்கம் இருக்கும். மேலே தலைப்பு, எழுதியவர், துறை, சுருக்கம், கீழே கோப்பு. கோப்புக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு பூட்டு இருந்தால், தலைப்பை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். அந்தப் பூட்டைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

காரணம் இருக்கிறது. நான் சுத்துக்கேணி கிராமத்துக்காரி. நூலகப் படிப்புப் படித்தபோது ஒரே ஓர் ஆய்வேட்டைப் பார்ப்பதற்காக இரண்டு பஸ் மாறி வேறொரு நூலகத்துக்குப் போனேன். அங்கே இருந்தவர் ஏட்டை மேசையில் போட்டுவிட்டு, ஜெராக்ஸ் கிடையாது, வேண்டுமானால் உட்கார்ந்து எழுதிக்கொள், நாலு மணிக்குப் பூட்டிவிடுவேன் என்றார். விரல் வீங்க எழுதினேன். பாதிகூடத் தேறவில்லை. அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. இந்தப் பிரிவுக்கு ஆள் கேட்டபோது நானே போய் நின்றதற்கு அதுதான் காரணம்.

வந்ததிலிருந்து திறப்பதே வேலையாக இருந்தேன். பூட்டிவைக்கச் சொன்ன துறைகளோடு மல்லுக்கு நின்றேன். பழைய ஆய்வேடுகளை ஏற்ற எழுதியவரின் ஒப்புதல் வேண்டும். கல்யாணமாகிப் போனவர், ஓய்வு பெற்றவர், கடை வைத்தவர் என்று ஒவ்வொருவராகத் தேடிப்பிடித்துக் கையெழுத்து வாங்கினேன். ஸ்கேன் செய்தால் மட்டும் போதாது, அது வெறும் படம்தான். படத்தில் இருக்கும் எழுத்தைக் கணினி படித்துக்கொள்வதற்கு ஒரு மென்பொருள் உண்டு. அதை ஓட்டிவிட்டால், நெட்டில் ஒருவர் தட்டுகிற சொல் இருநூறாம் பக்கத்தில் ஒளிந்திருந்தாலும் தேடலில் வந்து நிற்கும். எல்லா ஏட்டுக்கும் அதை ஓட்டியே தீர வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவளும் நான்தான்.

ஒருநாள் காலை பத்து மணிவாக்கில் ஓர் அம்மா என் மேசைக்கு வந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். கையில் துணிப்பை. பாகூர் பக்கத்து ஊரிலிருந்து வருவதாகவும், தவளக்குப்பத்தில் பஸ் மாறி, கேட்டுக் கேட்டு வந்து சேர்ந்ததாகவும் சொன்னார். பையிலிருந்து போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டி, இது உங்கள் ஆபீசில் போட்டதா என்று கேட்டார்.

ஆங்கிலத்தில் ஒரு பட்டியல். இருபது வருடங்களுக்கு முன்பு எழுதப்பட்ட ஓர் ஆய்வேட்டின் பின்னிணைப்பு. கிராமத்தில் நடந்த முதியோர் கல்வி வகுப்பிலிருந்து பெண்கள் ஏன் நின்றுபோனார்கள் என்பது ஆய்வு. வரிசை எண், பெயர், கணவர் பெயர், வயது, வாசிப்புத் தேர்வில் வாங்கிய மதிப்பெண், நின்றதற்கு அவரே சொன்ன காரணம் என்று கட்டம் கட்டமாக இருந்தது. முப்பத்தொன்றாவது பெயர் அவருடையது. வாசிப்பு என்ற கட்டத்தில் பூஜ்யம் போட்டிருந்தது.

அவர் அந்த ஊரில் மகளிர் குழுத் தலைவி. பத்து வருடத்துக்கு மேலாக அவர்தான். தீர்மானத்தை ஒருமுறை யாராவது படித்தால் போதும், எழுத்து மாறாமல் மனதில் வைத்துக்கொள்வார். படிக்கச் சொல்லி எதையாவது நீட்டினால், கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டேன், நீ படி என்பார். இப்படியே வண்டி ஓடியிருக்கிறது என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. அதே ஊரில் இன்னொரு குழு இருந்தது. அதன் தலைவியின் மகள் காலேஜ் புராஜெக்ட்டுக்காக ஊர்ப் பெயரைத் தட்டியிருக்கிறாள். வந்து நின்றது இந்தப் பட்டியல். அடுத்த கூட்டத்தில் அந்தத் தலைவி எல்லார் முன்னாலும் தீர்மான நோட்டை இவர் கையில் கொடுத்து, இன்று நீங்களே படியுங்கள் என்றிருக்கிறார். இவர் வழக்கம்போலக் கண்ணாடியைச் சொல்ல, உட்கார்ந்திருந்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்திருக்கிறார்கள். அன்றிலிருந்து பால் சொசைட்டிக்குக்கூட அவர் போகவில்லை.

நான் எங்கள் தளத்தில் அந்தப் பக்கத்தைத் திறந்தேன். ஏற்றியவர் என்ற இடத்தில் என் பெயர். எழுதியவரிடம் ஒப்புதல் வாங்கித்தான் ஏற்றியிருந்தேன். பட்டியலில் இருந்த பெண்களிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை. ஊருக்கெல்லாம் திறந்துவிடுகிறேன் என்று குதித்த நான், எதைத் திறக்கிறேன் என்று கடைசிப் பக்கம்வரை புரட்டிப் பார்க்கவில்லை. வெட்கமாக இருந்தது.

யாரையும் கேட்காமல் அந்த நிமிடமே கோப்பைப் பூட்டினேன். இனி யாராலும் திறக்க முடியாது என்று அவரிடம் சொன்னேன். அவர் முகம் தெளியவில்லை. மொத்தத்தையுமா பூட்டினாய் என்று கேட்டார். ஆமாம் என்றேன். வகுப்பிலிருந்து நின்றதற்குத் தான் அன்று சொன்ன காரணம் அதில் எழுதியிருக்கிறதா, படித்துக்காட்டு என்றார். கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டாராம். பூஜ்யம் எங்கள் இருவருக்கும் நடுவில் திரையில் தெரிந்துகொண்டிருந்தது. நான் தமிழில் படித்துக்காட்டினேன்.

வகுப்பை மாலை ஐந்தரைக்கு வைத்தார்கள், அது மாடு கறந்து சொசைட்டியில் பால் ஊற்றும் நேரம், தாமதமானால் பாலைத் திருப்பிவிடுவார்கள், எங்களுக்குப் படிக்க ஆசைதான், நேரத்தை மாற்றுங்கள் என்று கேட்டோம், மாற்றவில்லை. இவ்வளவுதான் இருந்தது. அவர் இன்னொரு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டார்.

“என் பேர எடுத்துடும்மா. நான் சொன்னத எடுக்காத” என்றார். “இப்ப கொம்யூன் பஞ்சாயத்துல திரும்பவும் கிளாஸ் வெக்கப்போறேன்னு நோட்டீஸ் ஒட்டிக்கீறான். இன்னா டைம்னு நெனைக்கிற? அதே அஞ்சரை.”

செய்கிறேன் என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, எப்படி என்று அப்போது எனக்குத் தெரியாது.

நூலகர் நல்ல மனிதர், ஆனால் வம்பே பிடிக்காதவர். அதான் பூட்டியாயிற்றே, அப்படியே இருக்கட்டும், அதை யார் தேடப் போகிறார்கள் என்றார். பட்டம் கொடுத்த ஆவணத்தில் ஓர் எழுத்தைக்கூட மாற்றக்கூடாது என்றும் சொன்னார். அது நியாயம்தான். மூலத்தை மாற்ற வேண்டாம், அது பூட்டியே இருக்கட்டும், பெயரை மட்டும் மறைத்த ஒரு பிரதியை வெளியே வைப்போம், மறைத்திருக்கிறோம் என்று முதல் பக்கத்தில் எழுதியும்விடுவோம் என்றேன். மூன்று நாள் அவர் அறை வாசலிலேயே நின்றேன். என் தொல்லை தாங்காமல், எழுதியவர் கடிதம் கொடுத்தால் செய்துகொள் என்றார்.

எழுதியவர் வில்லியனூரில் இருந்தார். வேலையை விட்டுவிட்டுக் கணவரின் ஜவுளிக்கடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் தலையில் கை வைத்துக்கொண்டார். அந்தக் காலத்தில் பெயர்ப் பட்டியல் இல்லாவிட்டால், நேரில் போய்க் கேட்டதற்கு என்ன சாட்சி என்று தேர்வாளர்கள் பிடித்துக்கொள்வார்களாம். வீட்டிலிருந்தே எழுதிவிட்டாள் என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயத்தில்தான் கணவர் பெயர்வரை சேர்த்தாராம். நான்கு பிரதி அச்சிட்டு அலமாரியில் கிடக்கப்போகும் ஏடு, யார் கண்ணில் படும் என்று நினைத்திருக்கிறார். சேலைப் பெட்டியின் மேல் தாளை வைத்துக் கடிதம் எழுதிக் கொடுத்தார். அந்த அம்மா வீட்டில் குடித்த மோரை இன்னும் மறக்கவில்லை என்றார்.

பெயர்கள் மேல் கணினியிலேயே கறுப்புப் பட்டை இழுத்தேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஏற்றுவதற்கு முன் ஏதோ சந்தேகத்தில் கோப்புக்குள் அந்த அம்மாவின் பெயரைத் தட்டித் தேடினேன். தேடல் கறுப்புப் பட்டையின் மேலேயே போய் நின்றது. மேலே மறைத்தேனே தவிர, அடியில் மென்பொருள் படித்துவைத்த எழுத்து அப்படியே கிடந்திருக்கிறது. நான் அடம்பிடித்து ஓட்டிய அதே மென்பொருள். எல்லாப் பக்கத்தையும் தாளில் எடுத்து, மார்க்கரால் ஒவ்வொரு பெயராக அடித்து, திரும்ப ஸ்கேன் செய்து மென்பொருளையும் ஓட்டினேன். மறுபடி தேடினேன். எதுவும் கிடைக்கவில்லை. அதற்குப் பிறகுதான் ஏற்றினேன்.

பட்டியல் இருந்த ஏடு இது ஒன்றுதான் என்று நம்ப எனக்குத் தைரியம் இல்லை. நான் ஏற்றிய ஒவ்வொன்றையும் முதலிலிருந்து எடுத்துப் பின்னிணைப்பைப் பார்த்தேன். மாதக்கணக்கில் நடந்தது அந்த வேலை. புதிதாக ஏற்றாமல் பழையதைக் கிண்டிக்கொண்டிருக்கிறாள் என்று பிரிவில் முணுமுணுத்தார்கள். முணுமுணுக்கட்டும் என்று விட்டுவிட்டேன். நோயாளியின் பெயர் இருந்தது, வீட்டு முகவரி இருந்தது, பள்ளிப் பிள்ளைகளின் படம் இருந்தது. அந்தப் பக்கங்களை மட்டும் மறைத்தேன். ஒன்றைக்கூட முழுசாகப் பூட்டவில்லை, அதில் எனக்குப் பிடிவாதம். ஏற்றும் படிவத்தில் பின்னிணைப்பைப் பார்த்தாயிற்றா என்று ஒரு கேள்வியையும் சேர்க்கவைத்தேன்.

எங்கள் தளத்தில் மறைத்தும் நெட் தேடலில் பழைய பக்கம் கொஞ்ச நாள் எட்டிப்பார்த்தது. தினமும் காலையில் வந்ததும் முதல் வேலையாக அந்த ஊர்ப் பெயரைத் தட்டுவேன். வந்தால் நீக்கச் சொல்லித் தேடல் நிறுவனத்துக்கு எழுதுவேன். ஒருநாள் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. அந்த அம்மாவுக்குப் போன் செய்து சொன்னேன். ஊரில் மற்றவர்கள் போனில் போட்டோவாக எடுத்துவைத்திருப்பதை மட்டும் என்னால் ஒன்றும் செய்ய முடியாது என்பதையும் சொன்னேன். அதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். தான் சொன்னது இருக்கும் அந்தப் பக்கத்தை அச்சிட்டு எடுத்துக்கொண்டு சனிக்கிழமை கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசுக்கு வர முடியுமா என்று கேட்டார்.

போனேன். புது வகுப்பு பற்றிக் கூட்டம். ஐந்தாறு ஊர்க் குழுக்களின் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். நோட்டைக் கொடுத்துப் படிக்கச் சொன்ன அந்த இன்னொரு தலைவியும் இரண்டு வரிசை தள்ளி இருந்தார். அதிகாரி சின்ன வயதுக்காரர். வகுப்பு ஐந்தரை மணிக்கு, எல்லாரும் தவறாமல் வர வேண்டும் என்று சொல்லி முடித்தார். அம்மா எழுந்து போய், நான் கொண்டுவந்த தாளை அவர் மேசையில் வைத்து, இதை எல்லாருக்கும் கேட்கிற மாதிரித் தமிழில் படியுங்கள் சார் என்றார்.

அவர் படித்தார். மாடு கறக்கும் நேரம், திருப்பிவிடும் பால், படிக்க ஆசைதான், நேரத்தை மாற்றுங்கள். முடித்துவிட்டு, பல்கலைக்கழகத்து ஆய்வா இது என்று தாளைப் புரட்டினார். பெயர் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பாக இருக்கிறதே, இதைச் சொன்னது யார் என்று கேட்டார்.

அந்தக் கறுப்புக்காக நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

“நான்தான் சார் சொன்னேன்” என்றார் அம்மா. “எனக்குப் படிக்கத் தெரியாது. அதான் உங்கள படிக்கச் சொன்னேன்.”

யாரும் சிரிக்கவில்லை. இன்னொரு குழுத் தலைவி கையிலிருந்த போனைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டார். பின்வரிசையில் யாரோ ஒரு பெண் எனக்கும் தெரியாது சார் என்றாள். அவளுக்குப் பக்கத்தில் இருந்தவளும் கையைத் தூக்கினாள்.

அதிகாரி தாளை மேசையில் வைத்துவிட்டுப் பேனாவை எடுத்தார். பிறகு நோட்டீசில் ஐந்தரையை அடித்துவிட்டு, எத்தனை மணிக்கு வைக்கலாம் என்று கேட்டார். பதினொரு மணி என்று நாலைந்து குரல்கள் வந்தன. சரி, பெயர் கொடுங்கள் என்று வருகைப் பதிவு நோட்டைத் திறந்தார்.

அம்மா மேசையை விட்டு நகரவில்லை.

“என் பேர மொதல்ல எழுது சார்” என்றார்.